எல்லாம் நார்மல்

மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, கஞ்சப் பயல்கள். கொஞ்சம் அசைந்தால் போதும், சரசரவென்று சத்தம். அடுத்த ஆய்வுக்கும் இதே மெத்தை புதுசாகவே இருக்க வேண்டுமாம். ஹேமலதா பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் மல்லாந்து படுத்து, பச்சைப் போர்வையை மார்பு வரைக்கும் இழுத்துக்கொண்டாள். காலையில் அங்கீகார ஆய்வுக்கு வந்த குழுவுக்கு முன்னால் கஞ்சி போட்ட காட்டன் சேலையும் வெள்ளைக் கோட்டுமாக, வைரவேல் துணை மருத்துவக் கல்லூரியின் பிசிஷியன் அசிஸ்டென்ட் துறைத் தலைவி என்று வரிசையில் நின்றிருந்தாள். தலை எண்ணினார்கள். இப்போது மத்தியானம். பொட்டையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, கூந்தலைக் கலைத்து முடிந்து, யாருடையதோ ஒரு நைட்டியை மாட்டிக்கொண்டு அதே கல்லூரியின் ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரியாகக் கிடக்கிறாள். ஒரே ஆள், ஒரே நாளில், ஆசிரியர் கணக்கிலும் நோயாளி கணக்கிலும். சேர்மன் செங்கோட்டுவேலுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடைக்காது. நோயாளிகளாகப் படுக்கக் கூலி பேசியிருந்த பெண்களில் பாதிப் பேர் வரவில்லை; நூறு நாள் வேலையில் இன்றைக்கு ஆபீசர் வந்து போட்டோ எடுக்கிறாராம். அங்கே மண் அள்ளுவது போல நிற்கலாம், இங்கே நோவு வந்தது போலப் படுக்கலாம், அவர்கள் மண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். குற்றம் சொல்ல முடியாது. சேர்மன் கைகளைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "மேடம், நீங்க சித்த நேரம் படுத்துக்கோணுங்க. கட்டிலு காலியாக் கெடந்தா அங்கீகாரம் போயிருமுங்க." காலையில் பார்த்த முகம் என்று கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று இவள் கேட்டதற்கு அந்த மனிதர் சிரித்தார். "படுத்திருக்கிறவங்க மூஞ்சிய எந்த டாக்டருங்க பாக்குறாரு?" கோழிப்பண்ணை நடத்திச் சம்பாதித்த மூளை. சில விஷயங்களில் அது பேராசிரியர்களைவிடத் தெளிவாக வேலை செய்யும்.

பக்கத்துக் கட்டிலில் மாராயி. எல்லா ஆய்வுக்கும் தவறாமல் வந்து படுக்கிறவள். அரளிக்காட்டுப் புதூரிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வெள்ளைக் கோட்டு இல்லாத ஹேமலதாவை அவளுக்கும் அடையாளம் தெரியவில்லை. "உங்களுக்கு என்ன நோவு குடுத்திருக்கறாங்க?" என்று தலையணையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு விசாரித்தாள். காய்ச்சல் என்றாள் ஹேமலதா. "காய்ச்சலு சுலுவுங்க. எனக்குப் பித்தப்பையில கல்லாம். போன தடவ வவுத்துல கட்டின்னாங்க. பொம்பளைப் புள்ளைக வந்து அமுத்தி அமுத்திப் பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டுப் போச்சுக. எனக்கே சிரிப்பு வந்துருச்சு." அவளே சிரித்தாள். அவள் வயிற்றில் கட்டி இல்லை, அதனால் சிரிக்கலாம். கட்டி. அந்தச் சொல்லை மாராயி எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள், கடையில் பட்டாணி கேட்கிற மாதிரி. ஹேமலதாவின் வலது கை போர்வைக்குள்ளேயே மேலே ஏறி, கழுத்தின் இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழிக்குப் போய்விட்டது. போகாதே என்றால் கேட்பதில்லை. ரேஷன் கடை வரிசையில், வகுப்பில் போர்டுக்குத் திரும்பும்போது, இட்லி மாவு கரைக்கும்போது, எப்போதும் அந்தக் கை அங்கே போய் நிற்கிறது. இருக்கிறது. காலையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. புளியங்கொட்டை அளவு. அதே வழவழப்பு, அதே கெட்டி. தள்ளினால் நகர்வதில்லை. வலியும் இல்லை. வலித்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பொங்கலுக்கு முன்னால், குளிக்கும்போது சோப்புப் போட்ட விரலுக்குத் தட்டுப்பட்டது. வேறு யாருக்காவது வந்திருந்தால் நெறி கட்டியிருக்கிறது, வெந்நீர் ஒத்தடம் கொடு என்று இருந்திருப்பார்கள். அவளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அந்தக் குழியில் முளைப்பது அந்த இடத்து நோயல்ல, வயிற்றிலோ நெஞ்சிலோ எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒன்று இங்கே வந்து எட்டிப் பார்க்கிறது என்று வருஷா வருஷம் போர்டில் படம் போட்டு நடத்துகிறவளே அவள்தான். சிவப்பு சாக்பீஸில் அம்புக்குறி வேறு போடுவாள். பரீட்சைக்கு வரும் என்று கீழே கோடு போடச் சொல்வாள். இப்போது அம்புக்குறி அவள்மேலேயே நிற்கிறது. யாரிடம் காட்டுவது? இந்த ஆஸ்பத்திரியிலா? இங்கே லேபில் மைக்ராஸ்கோப் இருக்கிறது, அதைப் பார்க்கிற டாக்டரின் பெயர்ப் பலகையும் இருக்கிறது. டாக்டர் மட்டும் ஆய்வன்றைக்குக் காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கே திரும்பிப் போகிறவர். இங்கே வேலை பார்க்கிற ஒருத்தரும் தலைவலிக்குக்கூட இங்கே மாத்திரை வாங்கமாட்டார். சேலத்துக்குப் போகலாம். பஸ் ஏறினால் முடிந்தது. ஊசியால் குத்தி எடுத்துப் பார்ப்பார்கள், பார்த்தால் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள், பெயர் வைத்துவிட்டால் பிறகு அது வீட்டில் ஒரு ஆள் மாதிரி கூடவே இருக்கும். மகள் இலக்கியாவுக்கு இரட்டைச் சடை பின்ன அவள் அப்பாவுக்குத் தெரியாது. ஒரு தடவை பின்னிவிட்டு, ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று பிடரியிலும் தொங்க, குழந்தை அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனது. ஏன் இப்போது சடை? பயம், வேறென்ன. இத்தனை படித்தவள், இத்தனை பேருக்குப் பாடம் சொன்னவள், பஸ் ஏறப் பயந்துகொண்டு பொங்கல் போய், தைப்பூசமும் போய், இப்படிக் கிடக்கிறாள்.

சேர்மன் படுக்கச் சொன்னபோது செருப்பால் அடித்த மாதிரி ஒரு பதில் சொல்லியிருக்கலாம். சரி என்று சொன்னது அவளுக்கே ஆச்சரியம். ஆனால் அந்தச் சரிக்குள் ஒரு பந்தயம் இருந்தது. இன்றைக்கு இந்த வார்டில் நோயாளியைத் தொட்டுப் பரிசோதித்துக் காட்டப் போவது மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள், அவள் கையால் பழகியவர்கள். தொடட்டும். அந்தக் குழியில் விரல் வைக்கிறார்களா பார்ப்போம். வைத்தால் தட்டுப்படுகிறதா பார்ப்போம். தட்டுப்பட்டால், அதைச் சொன்னால், அப்புறம் பயந்துகொண்டு மூடி வைக்க முடியாது, சேலம் பஸ்ஸில் ஏறித்தான் ஆக வேண்டும். கூடவே இன்னொன்றும் தெரிந்துவிடும், இந்தக் கோழிக்கூண்டில் இத்தனை வருஷம் அவள் கத்திய கத்தலில் ஒரு விரலாவது விழித்திருக்கிறதா என்று. தட்டுப்படாவிட்டால்? அப்போது அவளும் சேர்மனும் ஒன்றுதான். இல்லை, சேர்மன் தேவலை. அவர் தான் செய்வதற்கு மருத்துவக் கல்வி என்று பெயர் வைத்து நெஞ்சை நிமிர்த்துவதில்லை, லைன் என்கிறார். "இந்த லைன்ல போட்டிங்க ஜாஸ்திங்க மேடம்."

தூரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம். வருகிறார்களா? இல்லை, ஆண்கள் வார்டுக்குள் போகிறார்கள். ஆய்வுக் குழுவுக்குத் தலைவராக வந்த பெரியவரின் குரல் கேட்டது, தீயணைப்புக் கருவியின் தேதி முடிந்துவிட்டதா என்று. பிரமாதம். காலையிலிருந்து அந்த மனிதர் கேட்டதெல்லாம் இந்த மாதிரிதான். ஒரு மாணவருக்கு எத்தனை சதுர அடி, நூலகத்தில் எத்தனை புத்தகம், கழிப்பறையில் கைப்பிடி உண்டா, விரல்ரேகை வைக்கிற மிஷின் வேலை செய்கிறதா. தரமாம். புத்தகங்களை எண்ணினார்களே தவிர ஒன்றைப் பிரித்துப் பார்க்கவில்லை; பிரித்திருந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது தெரிந்திருக்கும். பயிற்சி அறையில் தையல் போட, ஊசி குத்த, மூச்சுக் கொடுக்க என்று ஒரு ரப்பர் பொம்மை சேலத்திலிருந்து வாடகைக்கு வந்து படுத்திருந்தது. பெரியவர் அதன் நாடியைப் பிடித்துப் பார்த்து, ஆஹா துடிக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். சாயந்திரம் அது அடுத்த கல்லூரிக்குப் போய்விடும், அங்கேயும் இவரே போய் நாடி பிடிப்பாராக இருக்கும். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, நோயாளியைக் கேட்டு, தொட்டு, பார்த்து, ஆபரேஷனில் கை கொடுத்து, டாக்டர் பார்க்கத் தவறியதையும் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆளை உண்டாக்குகிற படிப்பு இது. அவள் படித்து முடித்து வந்தபோது மாமனார் வீட்டில், கம்பவுண்டர் வேலையா என்று கேட்டார்கள். விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த ஆளின் விரலுக்கு என்ன தெரியும் என்று எந்த ஆய்வுக் குழுவாவது கேட்டதுண்டா? விரலுக்குச் சதுர அடி கிடையாது, அதனால் கேட்கத் தெரியவில்லை. இல்லை, பொய். ஒரே ஒரு தடவை கேட்டார்கள். போன தடவை.

போன தடவை வந்த குழுவில் ஒரு ஒல்லி டாக்டர் இருந்தார். ஒரு பையனைக் கூப்பிட்டு, ஆண்கள் வார்டில் கூலிக்குப் படுத்திருந்த ஒருவரின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுச் சொல் என்றார். பையன் கெட்டிக்காரன். வெகுநேரம் கேட்டுவிட்டு, சார், துடிப்போடு இன்னொரு சத்தம் வருகிறது, வால்வில் கோளாறு என்றான். ஒல்லி டாக்டரும் குழலை வைத்தார். ஆமாம் என்றார். அங்கேதான் பிடித்தது சனி. நோயாளியின் காகிதத்தில் வயிற்றுப்போக்கு என்று எழுதியிருந்தது. ஈசிஜி எங்கே என்றார். ஈசிஜி மிஷினுக்குப் பேப்பரே கிடையாது. ஒன்றைப் பிடித்து இழுக்க எல்லாம் அவிழ்ந்து, அந்த வருஷம் பாதி இடங்களை வெட்டிவிட்டார்கள். சேர்மன் பையனை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அவன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். அன்று சாயந்திரம் வேன் கிளம்பும்போது ஹேமலதாதான் வாசலில் நின்று எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தாள். அந்த மனிதருக்கும் கொடுத்தாள். கரிய, உயரமான ஆள், துண்டை விரித்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். பையன் ஏதோ சத்தம் கேக்குதுன்னானே, என்னங்கம்மா அது என்று கேட்டார். ஒன்றுமில்லை, சும்மா பாடம் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பெயர் என்ன? காகிதத்தில் எழுதியிருந்தது கல்லூரி வைத்த பெயர். ஏன் இப்போது அவர் ஞாபகம்? அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். "உங்க ஊர்லருந்து போன தடவ ஒருத்தர் வந்தாருங்களே, கறுப்பா, ஒசரமா, அவரு இன்னைக்கு வரலீங்களா?" மாராயி கொஞ்சம் யோசித்தாள். "மாணிக்கண்ணனக் கேக்கறீங்களா? அவரு ஆடியிலயே போயிட்டாருங்களே. ஏர் ஓட்டிட்டு இருந்தவரு மாரைப் புடிச்சுட்டு வரப்புல ஒக்காந்தாரு. அவ்வளவுதான். நல்ல மனுசன்." பிறகு, "இன்னைக்கும் பிரியாணிதானுங்களா, இல்ல தக்காளிச் சோறு போட்டு ஏமாத்திப்புடுவாங்களா?" என்றாள்.

ஹேமலதா கூரையைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாணிக்கம். ஒரு பையனின் காதுக்குக் கேட்டது, ஒரு டாக்டரின் காதுக்கும் கேட்டது, அவள் காதுக்கும் எட்டியது. மூன்று பேருக்கும் தெரிந்து, அந்த ஆளுக்கு மட்டும் தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒல்லி டாக்டருக்கு ஈசிஜிதான் கவலை. சேர்மனுக்கு இடங்கள். அவளுக்கு? அவளுக்குப் பொட்டலம் பற்றாமல் போய்விடுமோ என்று. சீ. இவர்களை எல்லாம் காலையிலிருந்து எவ்வளவு திட்டினாள், ஒவ்வொருவரையும் தனித்தனியாக, ருசித்து ருசித்து. அந்த வசவெல்லாம் எங்கே போகிறது என்று பார்த்தால் சுற்றிக்கொண்டு இந்தக் கட்டிலுக்கே வருகிறது. கை மறுபடி குழிக்குப் போனது. இருக்கிறது.

போன தடவை ஆய்வுக்குப் பிறகுதான் ஒத்திகை என்று ஒன்று வந்தது. இந்தத் தடவை யாரும் கெட்டிக்காரத்தனம் காட்டக் கூடாது என்று சேர்மன் சொல்ல, இவள்தான் நடத்தினாள். ஒரு வாரமாக மத்தியான வகுப்பெல்லாம் அதுவே. கண் பார், நாக்குப் பார், நகம் பார், கழுத்துப் பார், நெஞ்சு, வயிறு, பார்த்து முடித்ததும் நிமிர்ந்து நின்று எல்லாம் நார்மல் சார் என்று சொல். யாராவது தயங்கினால் இவள் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு வகுப்பில் பெயரே உண்டு, இவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி பெஞ்சு மோனிஷா மட்டும் கையைத் தூக்கினாள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் மகள். எதையும் மனப்பாடம் செய்ய வராது, எதற்கெடுத்தாலும் ஏன் என்று நிற்கும். "மேம், நெசமாலுமே ஏதாச்சும் இருந்துச்சுன்னா?" வகுப்பு அடக்கிக்கொண்டு சிரித்தது. ஹேமலதாவுக்குத் தலைவலி, தொண்டை காய்ந்திருந்தது, கழுத்தில் அது வேறு. "இருக்காது. இருந்தாலும் நார்மல்தான். உக்காரு." வகுப்பு இப்போது அடக்காமலே சிரித்தது. மோனிஷா உட்கார்ந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அசடு, இதையுமா எழுதுவது என்று தோன்றியது.

இப்போது நிஜமாகவே வந்துவிட்டார்கள். பெரியவர் முன்னால், அவருக்குப் பின்னால் செல்போனைத் தடவிக்கொண்டே ஒரு பெண் டாக்டர், சேர்மன், பிள்ளைகள் கூட்டம். மாராயி கண்ணை மூடிக்கொண்டு வலியில் முனக ஆரம்பித்தாள். சம்பளத்துக்கு மேலேயே நடிக்கிறாள். அவளைத் தாண்டி வந்து பெரியவர் ஹேமலதாவின் கால்மாட்டில் நின்றார். காலையில், உங்க அனுபவம் எத்தனை வருஷம்மா என்று அவளிடம் கேட்டவர். இப்போது அவள் முகத்தின் மேலாக ஓடிய அவர் பார்வை ஜன்னல் கொசுவலையில் போய் நின்றது. சேர்மன் சொன்னது சரி. கோழிப்பண்ணைக்குத்தான் இந்த உலகம் புரிகிறது. "யாராவது ஒருத்தர் வந்து பொதுப் பரிசோதனை செஞ்சு காட்டுங்க. நீ வாம்மா, கடைசியில நிக்கிற பொண்ணு." மோனிஷா. போச்சு. எல்லோரையும் விட்டு இவளா. மோனிஷா கட்டிலருகே வந்து, தொடுவதற்கு முன்னால் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். அட. முதல் வருஷத்து முதல் வாரத்தில் சொன்னது, ஜில்லென்ற கையோடு யாரையும் தொடாதே என்று. சொன்னவளே மறந்துவிட்டிருந்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கு. நகம். பிறகு விரல்கள் தாடைக்கடியில் தொடங்கி, காதுக்குப் பின்னால் போய், கழுத்தோடு மெல்ல இறங்கின. அவசரமில்லாத விரல்கள். வலது குழி. இப்போது இடது. ஹேமலதாவுக்குத் தன் இதயம் அந்தப் பெண்ணின் விரல்நுனியில் அடிப்பது போல இருந்தது. விரல் அதன்மேல் ஏறி, தாண்டிப் போய், நின்றது. திரும்பி வந்தது. ஓரத்தைத் தடவியது. தள்ளிப் பார்த்தது. இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தது. கண்டுபிடித்துவிட்டாள், இந்த அசடு, இந்த மனப்பாடம் வராத பெண், கண்டுபிடித்துவிட்டாள். ஹேமலதாவுக்கு அந்த நிமிஷம் பயத்தைவிடப் பெருமைதான் முந்திக்கொண்டு வந்தது. பிறகுதான் பயம் வந்தது, மொத்தமாக. அப்படியானால் இருக்கிறது. மோனிஷா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அறையில் அவள் முகத்தைப் பார்த்த ஒரே ஆள். அந்தக் கண் கேட்டது, சொல்லவா? சொல், சொல்லிவிடு, என்றுதான் ஹேமலதா நினைத்தாள். ஆனால் கால்மாட்டில் சேர்மன் இருந்தார், கண்ணாடி இல்லாமலே அவள் முகம் பழகிப்போன படி இறுகியது, அந்தப் பார்வை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மோனிஷா விரலை எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள். "எல்லாம் நார்மல் சார்."

"வெரி குட்," என்றார் பெரியவர். "கழுத்துல நெறி பாக்குறத பெரிய பெரிய காலேஜ்லயே விட்டுடுவாங்க. இந்தப் பொண்ணு விடல. ட்ரெய்னிங் நல்லா இருக்கு." சேர்மன் முகத்தில் சூரியன் உதித்தது. பெண் டாக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே தலையாட்டினாள். கூட்டம் நகர்ந்து வராந்தாவுக்குப் போனது. அங்கே டீயும் முந்திரி பக்கோடாவும் வைத்திருந்தார்கள், கப்புகளின் சத்தம் கேட்டது. மாராயி முனகலை நிறுத்தி எழுந்து உட்கார்ந்து, கொண்டையைச் சரி செய்துகொண்டாள். முடிந்தது. அங்கீகாரம் கிடைத்துவிட்டது, இனி அடுத்த ஆய்வு வரைக்கும் யாரும் வரமாட்டார்கள். வேன் வரும், பொட்டலம் கொடுப்பார்கள், அவளுக்கும் ஒன்று கொடுப்பார்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம்.

குழலை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மோனிஷா திரும்பி வந்தாள். குழல் அவள் கழுத்திலேயே தொங்கியது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் வந்து குனிந்தாள். "மேம், எடது பக்கம் ஒண்ணு இருக்குதுங்க மேம்."

"மேம்ங்கறா?" என்று மாராயி வாயைப் பிளந்தாள்.

"தெரிஞ்சுதா உனக்கு?"

"நல்லாத் தெரிஞ்சுது மேம். கெட்டியா இருக்குது. நகரவே மாட்டீங்குது."

"அப்பறம் ஏன்டி சொல்லல?"

கோபமாகத்தான் கேட்டாள். மோனிஷா பயப்படவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. கணக்குச் சரியாக வந்தும் ஏன் தப்பு போட்டார்கள் என்று கேட்கும் பிள்ளையின் முகம். "இருந்தாலும் நார்மல்தான்னு நீங்கதான மேம் சொன்னீங்க. நோட்டுல கூட எழுதி வெச்சிருக்கறேன்."

ஹேமலதாவுக்கு இனித் திட்டுவதற்கு யாரும் மிச்சமில்லை. போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள், மெத்தை சரசரத்தது. மோனிஷாவின் கையைப் பிடித்தாள். இன்னும் சூடாகத்தான் இருந்தது. அந்த இரண்டு விரலையும் கொண்டுபோய்த் தன் கழுத்துக் குழியில் வைத்தாள்.

"இன்னொரு தடவ பாரு. பாத்துட்டு என்ன இருக்குன்னு சொல்லு."

விரல் தேடவில்லை, நேராகப் போய் நின்றது. "காறை எலும்புக்கு மேல ஒரு கட்டி. கல்லு மாதிரி இருக்குது. நகரல. தொட்டா வலிக்குதுங்களா மேம்?"

"வலிக்கல."

"வலி இல்ல." மோனிஷா விரலை எடுக்கவில்லை. "நார்மல் இல்ல மேம்."

"சத்தமாச் சொல்லு."

மோனிஷா வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே பெரியவர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார், சேர்மன் இன்னொரு தட்டு பக்கோடா வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவங்க இன்னும் போகலீங்க மேம்."

"தெரியும். சத்தமாச் சொல்லு."